சிதம்பரம் போன பெஞ்சு

கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்துச் சந்தில் இருந்த நல்லாசிரியப் பயிற்சி மையத்தில் எந்தக் காரியமும் சட்டென்று நடந்துவிடாது. முதலில் அதற்கு ஒரு மாதிரி நடத்துவார்கள். பாடத்துக்கு முன் மாதிரிப் பாடம். அதற்குக் குறைநிறை எழுதப் பின்வரிசையில் நாலு பேர். அந்த நாலு பேர் எழுதியதைத் திருத்த இன்னொருத்தர். வாத்தியார் வேலைக்குப் பயிற்சி என்றால் அப்படித்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாதிரி நடத்தி நடத்தி அந்த மையத்துக்கு அதுவே ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிட மாட்டார்கள். ஒரு மாணவி குழாயாகவும் இன்னொருத்தி பிளம்பராகவும் நடித்துக் காட்டுவார்கள். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்து போவார்கள். குழாய் தன்பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஐப்பசி மழையில் குழாய்க்குப் போட்டியாகக் கூரையும் ஒழுக ஆரம்பித்தது. மாணவிகள் குடை பிடித்துக்கொண்டு குழந்தை உளவியல் படித்தார்கள். மேலிடத்துக்கு எழுதினார்கள். மேலிடம் என்றைக்கும் இல்லாத அதிசயமாக உடனே பதில் போட்டது. சிதம்பரத்தில், காட்டுமன்னார்கோயில் ரோட்டோரம், பழைய மாணவர் விடுதி ஒன்று காலியாகக் கிடக்கிறது. மையத்தை அங்கே மாற்றுவதானால் என்ன செலவாகும், என்ன ஆதாயம் என்று சீர்தூக்கிப் பார்த்து அறிக்கை அனுப்பவும். இவ்வளவுதான் கேட்டது. நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளால்தான் இந்த நாட்டில் பாதி ஆபத்து வருகிறது.

பொன்னி அப்போது இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஊர் குடிகாடு. அப்பா கொளஞ்சியப்பன் அங்கிருந்த ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலி. மூட்டை தூக்குவதும், ராத்திரி முழுக்க இருமுவதும் அவருக்கு ஒரே சம்பளத்தில் கிடைத்தவை. "நீ டீச்சரம்மா ஆவுற அன்னிக்கு அந்தக் கம்பெனி கேட்டாண்ட நான் தல வச்சிப் படுக்கமாட்டேன் பாரு" என்று அவர் சொல்லாத நாளில்லை. அவள் பரீட்சை எழுதித் தேறினால் அவர் மூட்டையை இறக்கி வைக்கலாம். அவள் வீட்டு வரவுசெலவுத் திட்டம் அவ்வளவு சின்னது.

மையத்தில் செலவைச் சீர்தூக்கக் குழு போட்டார்கள். முதல்வர் சுப்பிரமணியன் தலைவர். கற்பித்தல் முறை விரிவுரையாளர் லூர்துசாமி செயலாளர். அந்த வருஷம்தான் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்திருந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, முயல் படம் போட்ட அட்டை, யானை படம் போட்ட அட்டை என்று எடுத்து எடுத்து ஏணிப்படி மாதிரி ஏறிப் பாடம் கற்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது நல்ல விஷயம். லூர்துசாமி ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து அதைப் பெரியவர்களுக்கும் விடவில்லை. தண்ணீர் குடித்தால்கூட முடிவில், "நாம் இப்போது என்ன கற்றோம்?" என்று கேட்டார்.

ஆகவே குழு பாயில் கூடியது. மண்டபத்தில் ஒழுகாத மூலையாகப் பார்த்துப் பாய் விரித்தார்கள். முதல்வருக்கு முழங்கால் மடங்காது; இரண்டு விரிவுரையாளர்கள் கைத்தாங்கலாக இறக்கி வைத்தார்கள். பார்வையாளர்களாக மாணவிகள் சுற்றி நின்றார்கள். முயல் அட்டை எடுத்தால் போக்குவரத்துச் செலவு. யானை அட்டை எடுத்தால் கட்டடச் செலவு. காக்கா அட்டை சில்லறைச் செலவு. நடுநடுவே சோர்வு தட்டாமல் இருக்க அபிநயப் பாட்டு.

"லாரி லாரி வருகுது, மேசை ஏத்திப் போகுது" என்று லூர்துசாமி பாட, சம்பளத்தில் மூத்த ஆறு பேர் கையால் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். முதல்வர் ஹாரன் அடித்தார்.

இரண்டு நாள் இப்படி நடந்தது. செலவு எவ்வளவு என்பது மட்டும் எந்த அட்டையிலும் வரவில்லை. பொன்னி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கையைத் தூக்கினாள்.

"சார், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால லாரி ஷெட்டு இருக்குது. ஒரு வாட்டி போயி வாடக எவ்வளோன்னு கேட்டா தெரிஞ்சிடுமேங்க?"

கோயில் மணியடிக்கும்போது ஏப்பம் விட்டவளைப் பார்ப்பதுபோல் முதல்வர் அவளைப் பார்த்தார். லூர்துசாமி மட்டும் மலர்ந்தார்.

"அருமையான கேள்வி! ஆனா ஒரு குறை. இது நேரா விடைக்குப் போயிடற கேள்வி. நேரா விடைக்குப் போயிட்டா நடுவுல கற்றல் எங்கம்மா நடக்கும்?"

அவரே தொடர்ந்தார். "நாம ஆசிரியருங்க. மாதிரி இல்லாம எதையும் செய்யக் கூடாது. முதல்ல ஒரு மாதிரி இடமாற்றம் நடத்துவோம். ஒரு பெஞ்சு, ஒரு மாணவி. இந்த ரெண்டையும் சிதம்பரத்துக்கு மாத்துவோம். அதுக்கு என்ன செலவாகுதோ அத மொத்தப் பெஞ்சால பெருக்கிட்டா விடை கைக்கு வந்துடும். எந்த மாணவி?"

எந்த மாணவி என்று யோசிக்க அவசியமே இருக்கவில்லை. கேள்வி கேட்கும் ஆர்வம் உள்ளவளைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது மையத்தின் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் பொன்னிக்கு அன்று நன்றாகப் புரிந்தது.

"எத்தினி நாளைக்கு சார்?"

"மதிப்பீடு முடியற வரைக்கும்."

பயணச் செலவுக்கு முதல்வர் ஒரு வழி சொன்னார். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, கற்பித்தல் கருவி செலவில்லாததாக இருக்க வேண்டும் என்பது. புளியங்கொட்டை, தீப்பெட்டி, கொட்டாங்கச்சி. பெஞ்சுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? "பஸ்ல பெஞ்சப் போட்டு நீ அதுமேல குந்திக்க. பெஞ்சு தனியாப் போனாத்தான் லக்கேஜ். ஆள் குந்திட்டா அது சீட்டு. சீட்டுக்கு எவனும் லக்கேஜ் கேக்க முடியாது."

கண்டக்டர் கதிர்வேல் கேட்டார்.

"ஏம்மா, இன்னா இது? பொண்ணு வூட்டுச் சீரா?"

"இல்லண்ணா. பயிற்சி."

"யாருக்கு, பெஞ்சிக்கா?" அவர் முன்பக்கம் திரும்பி, "மாமா, கொஞ்சம் நிறுத்திக்க, பள்ளிக்கூடமே ஏறுது" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார். பொன்னி முதல்வர் சொன்ன சட்டத்தை எடுத்துச் சொன்னாள். கதிர்வேல் பொறுமையாகக் கேட்டார். "உங்க முதல்வர வந்து இதுல குந்தச் சொல்லும்மா. குந்தினாருன்னா அவருக்கும் சேத்து லக்கேஜ் போடறேன்." பொன்னி தன் கைக்காசைக் கொடுத்து லக்கேஜ் டிக்கெட் வாங்கினாள். குடிகாட்டுக் கெமிக்கல் கம்பெனிகளைப் பஸ் தாண்டும்போது நாற்றத்துக்கு எல்லோரும் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள், அப்பா எந்த கேட்டில் நிற்கிறார் என்று.

சிதம்பரத்து விடுதி பூட்டிக் கிடந்தது. சாவி கடலூரில் முதல்வரின் மேசையில் இருந்தது. இடம் மாறியது பெஞ்சும் மாணவியும்தான், சாவிக்கு உத்தரவில் இடமில்லை. பெஞ்சை வராந்தாவில் போட்டு உட்கார்ந்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியை ஞானாம்பாள்தான் அதற்கு ஒரே ஆசிரியையும்கூட. மூன்றாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, யாருக்குக் காத்திருக்க?"

"யாருக்கும் இல்ல டீச்சர். நான்தான் பயிற்சி மையம்."

ஞானாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரிதான். சும்மா குந்திக்கிட்டு இருக்கறதுக்கு மூணாங்கிளாஸப் பாத்துக்க வா. என்னால ஒரே வாயால அஞ்சு கிளாஸும் எடுக்க முடியல."

அன்றிலிருந்து பொன்னி காலையில் பெஞ்சைத் துடைத்துவிட்டு மூன்றாம் வகுப்புக்குப் போவாள். கழித்தல் சொல்லிக்கொடுத்தாள். பல் தேய்க்காமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். அவளைப் பார்த்துக் குறைநிறை எழுதப் பின்வரிசையில் யாருமில்லை; பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே எது நிறை, எது குறை என்று தெரிந்தது.

மாதக் கடைசியில் லக்கேஜ் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போனாள். முதல்வர் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீ பெஞ்சு மேல சரியாக் குந்தல. அது உன் தனிப்பட்ட தவறு. தனிப்பட்ட தவறுக்கு ஆன செலவு அரசாங்கக் கணக்குல ஏறாது." ஆகவே மாதிரி இடமாற்றத்தின் செலவு இல்லை என்று ஆயிற்று. லூர்துசாமி கரும்பலகையில் மையத்தின் மொத்தப் பெஞ்சுகளை எழுதி, பூஜ்யத்தால் பெருக்கி, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"பூஜ்யத்தைக் கண்டுபிடிச்சது இந்தியா. அத முழுசாப் பயன்படுத்தினது நம்ம மையம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னியும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் இன்னொரு பெஞ்சு தருவார்களோ என்று பயம்.

மாதிரி முடிந்தது, மதிப்பீடு முடியவில்லை. மழை நின்றது, பொங்கல் போயிற்று. பங்குனி வெயிலில் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினாள். எழுத்தர் யாகப்பன் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஐப்பசி முதல் அவள் பெயருக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட்.

"நான் சிதம்பரத்துல இருந்தேன் சார்!"

"அதத்தான் நானும் போட்டிருக்கேன். இங்க இல்ல."

"அனுப்பச் சொல்லி ஆர்டர் டைப் அடிச்சதே நீங்கதானே சார்?"

"அடிச்சேன். அது டைப்பிஸ்ட் சீட்டு. அட்டெண்டென்ஸ் எழுத்தர் சீட்டு. ரெண்டுலயும் நான்தான் குந்தறேன், அதுக்காக இந்த சீட்டு சமாசாரத்த அந்த சீட்டுல பேசலாமா? வருகை குறைஞ்சா ஹால் டிக்கெட் கிடையாது, அவ்ளோதான்."

முதல்வரிடம் போனாள். அவர் எழுந்து நின்று பேசினார். முழங்கால் வலியோடு எழுந்து நின்றார் என்றால் எவ்வளவு மதிப்பு வைத்திருக்க வேண்டும். "பொன்னி, உன் தியாகத்த இந்த மையம் மறக்காது. உன்னால அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா? பரீட்ச போனாப் போவுது. அடுத்த வருஷம் திரும்பச் சேந்துக்க. மத்தவங்களுக்கு ரெண்டு வருஷப் பயிற்சி, உனக்கு மூணு. ஜாஸ்தி பயிற்சி யாருக்கும்மா கெடைக்கும்?"

பஸ் ஸ்டாண்டில் ஒரு தூண் மறைவில் நின்று அழுதாள். ஆத்திரமும் அவமானமுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். வீட்டுக்குப் போனபோது அப்பா கயிற்றுக் கட்டிலில் குனிந்து இருமிக்கொண்டிருந்தார். நிமிர்ந்ததும் முதல் வார்த்தை, "பரீச்ச எப்பம்மா?"

"வரும்பா" என்றாள். வேறு என்ன சொல்வது?

மதிப்பீட்டுக்கு நாள் குறித்தார்கள். மேலிடத்திலிருந்து இணை இயக்குநரே வருகிறார். பொன்னி ராத்திரியெல்லாம் யோசித்தாள். மையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்குத் தொங்கும் பேனர் ஞாபகம் வந்தது: 'நூறு சதவீதத் தேர்ச்சியை நோக்கி.' எந்த அதிகாரி வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார். கூரை ஒழுகுகிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. லூர்துசாமி சார் சொல்லிக்கொடுத்த பெருக்கலை அவள் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். விடை வந்தது.

அன்று காலை ஒரு ஜீப்பும் இரண்டு காரும் விடுதி வாசலில் வந்து நின்றன. அந்த மூன்று வண்டிக்கு ஊற்றிய எண்ணெய்க்கு லாரி இரண்டு நடை வந்து போயிருக்கும் என்று எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார். அவர் பயிற்சி பெறாதவர். முதல்வர், லூர்துசாமி, யாகப்பன், இணை இயக்குநர், அவருக்குக் குடை பிடிக்க ஒருவர், எல்லோரும் இறங்கினார்கள். சாவியை மேசையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். வராந்தாவில் ஒரே பெஞ்சு. அதில் பொன்னி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

லூர்துசாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "எழுந்திரு! ஐயா வந்திருக்காங்க" என்றார்.

"எழுந்திரிச்சா பெஞ்சி லக்கேஜ் ஆயிடும் சார். முதல்வர் ஐயா சொல்லியிருக்காங்க. செலவு ஏறிடும்."

இணை இயக்குநருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் சீக்கிரம் கேட்டுவிட்டுப் போக நினைத்தார். "பரவால்ல, குந்தட்டும். இந்த மையத்துல எத்தன பேர் படிக்கிறாங்க?"

"நான் ஒருத்திதாங்க ஐயா."

"தேர்ச்சி எத்தன சதவீதம் எதிர்பாக்கலாம்?"

"சைபருங்க ஐயா."

குடை பிடித்தவர் கையில் குடை சாய்ந்தது. "என்னம்மா சொல்ற?" என்றார் இணை இயக்குநர்.

"எனக்கு ஹால் டிக்கெட் இல்லீங்க. இங்க ஒரு ஆளு. அந்த ஒரு ஆளும் எழுதல. அதனால சிதம்பரத்துக்குச் சைபர். கடலூரையும் சிதம்பரத்தையும் பக்கத்துப் பக்கத்துல போட்டுத்தானே அறிக்கை போவும்?"

இணை இயக்குநர் தன் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் கட்டடம் இல்லாத பள்ளி பார்த்திருக்கிறார், வாத்தியார் இல்லாத பள்ளி பார்த்திருக்கிறார், பிள்ளைகளே இல்லாத பள்ளிக்குப் பரிசுகூடக் கொடுத்திருக்கிறார். பூஜ்யம் சதவீதம் பார்த்ததில்லை. "சைபர எப்படிய்யா மேல காட்டுவேன்? என் பேர்ல மாதிரி, என் பேர்ல சைபரா?" என்று முதல்வர் மேல் பாய்ந்தார். முதல்வர் லூர்துசாமியைப் பார்த்தார். லூர்துசாமி யாகப்பனைப் பார்த்தார். யாகப்பன், பார்க்க ஆளில்லாததால், ஜீப்பைப் பார்த்தார்.

அங்கேயே, அந்தப் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து யாகப்பன் சிதம்பரம் மையத்துக்கென்று புதுப் பதிவேடு போட்டார். இணை இயக்குநர் தலைக்கு மேல் நின்றார். அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, மாட்டுப் பொங்கல் எல்லாவற்றுக்கும் பொன்னி வந்ததாகப் போட்டுவிட்டார். ஐப்பசிக்கு முந்தைய ஆவணியிலும் வந்திருந்தாள். "ஜாஸ்தியா இருந்தாத் தப்பில்ல" என்றார் இணை இயக்குநர்.

பொன்னி பரீட்சை எழுதினாள். தேறினாள். சிதம்பரம் மையம் நூறு சதவீதம். கூரைக்குக் கீழே குடை பிடித்துப் படித்த கடலூர் மையம் அறுபத்தொன்று. அதன் பிறகுதான் குழு அறிக்கை எழுதியது. மையத்தை இடம் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. சிதம்பரத்தில் ஏற்கெனவே ஒரு மையம் சிறப்பாகச் செயல்பட்டு வருகிறது. இதற்கான செலவு இல்லை. விரிவுரையாளர்கள், கரும்பலகை, கட்டடச் சாவி ஆகியவை இல்லாதது தேர்ச்சியை உயர்த்துவதாகத் தெரிகிறது, மற்ற மையங்களும் ஆராயலாம். முதல்வருக்குக் கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தை மழை படாத மூலையில் வைத்தார்கள். அந்த மூலையில் இருந்த முதலாம் வருஷ வகுப்பை ஒழுகும் பக்கத்துக்கு நகர்த்தினார்கள்.

சான்றிதழ் வாங்கப் போனபோது யாகப்பன் கையை நீட்டினார். "பெஞ்சு எங்க? மையத்துப் பொருளத் திருப்பிக் கொடுக்காம சான்றிதழ் கிடையாது."

"அதையும் எடுத்துட்டா அங்க மையமே இல்லீங்களே சார்!"

உள்ளிருந்து முதல்வர் குரல் வந்தது. "அது நூறு சதவீதம் வாங்கிட்ட மையம்மா. அதுக்கு இனிமே பெஞ்சு எதுக்கு?"

சிதம்பரம் போனாள். மூன்றாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் மத்தியானத்தில் அந்தப் பெஞ்சில் தூங்கிப் பழகியிருந்தார்கள். ஞானாம்பாள் அவர்களை எழுப்பிப் பாயில் படுக்க வைத்தார். பஸ்ஸில் அதே கதிர்வேல்.

"ஏம்மா, இந்தப் பெஞ்சி இன்னுமா பாஸ் ஆவல?"

"நான் ஆயிட்டேன்ணா. இது அரியர்ஸ்."

இந்த முறை அவர் லக்கேஜ் டிக்கெட் கிழிக்கவில்லை.

மையத்து மண்டப வாசலில் பெஞ்சை இறக்கி வைத்துவிட்டுச் சான்றிதழை வாங்கினாள். பிரித்துப் பெயரைப் பார்த்தாள். இன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் இதைக் காட்டலாம். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் முத்திரையைத் தடவிப் பார்ப்பார். உள்ளே பாய் விரித்திருந்தார்கள். புதுசாக ஒரு குழு. காட்டுமன்னார்கோயிலிலும் ஒரு கட்டடம் காலியாக இருக்கிறதாம். லூர்துசாமி நரி அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற மாணவிகளில் ஒருத்தி, ரெட்டைப் பின்னல், கண்ணில் நல்ல கூர்மை, மெல்லக் கையைத் தூக்கினாள்.

பொன்னி வாசலில் இருந்தபடியே அவள் கண் தன் பக்கம் திரும்பும்வரை பார்த்தாள். பெஞ்சைக் காட்டினாள். தன்னைக் காட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அந்தப் பெண் பெஞ்சைப் பார்த்தாள். கை மெதுவாக இறங்கியது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டு லூர்துசாமி மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு கையும் எழவில்லை. அவர் முதல்வர் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா சார், இந்த வருஷப் பசங்களுக்கு ஒரே தடவையில எல்லாம் புரிஞ்சிடுது."